கையும் கியரும்: கொங்கு நாட்டின் வேகத்தைப் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாற்றைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். அந்த இடத்திற்கு, இந்த மலைச்சாலையை அமைத்த ஆங்கிலேயரான லோமின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் ஆனைமலைக் காடுகளுக்குள் புகுந்த தோட்டக்காரர்களின் தேவையால் பிறந்த சாலை இது. அவர்கள் போய்விட்டார்கள், சாலை இருக்கிறது. அந்தச் சாலை கற்றுக்கொடுத்த ஒரு விதியும் இருக்கிறது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு.

மலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த இந்த எளிய விதிக்குள் மோட்டார் வாகன வரலாற்றின் மிகப்பெரிய வாதம் ஒன்று சுருண்டு கிடக்கிறது. கியரை மாற்றுவது யார், மனிதக் கையா, எந்திரமா? தன் கையால் ஒரு வேகக் காரைக் கட்டியெழுப்ப நினைக்கும் எவரும் முதலில் சந்திக்கும் கேள்வி இதுதான். எஞ்சினை முடிவு செய்துவிடலாம், சக்கரங்களை முடிவு செய்துவிடலாம். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெட்டியில்தான் தூக்கம் கெடும். இதை வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக நாம் கருதவில்லை. நிலமும் பணமும் உழைப்பும் சேர்ந்து விடை சொல்லும் கேள்வி இது. கொங்கு நாடு இதற்குச் சொன்ன விடைகளை வரிசையாகப் பார்த்தால் இந்தப் பகுதியின் நூறாண்டு வரலாறும் அதில் ஓரளவு புலப்படுகிறது.

*

எஞ்சின் ஒரு விசித்திரமான பிராணி. மெதுவாகச் சுழலும்போது அதற்கு வலு குறைவு, வேகமாகச் சுழன்றால்தான் முழு வலுவும் வெளிப்படும். சக்கரமோ நின்ற நிலையிலிருந்து தொடங்கியாக வேண்டும். இரண்டையும் சமரசம் செய்துவைக்கும் தரகர்தான் கியர்ப்பெட்டி. 1890களில் பிரான்சின் பன்ஹார்ட், லெவாசர் நிறுவனம் பல்சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய கையியக்கப் பெட்டிகளுக்கெல்லாம் அதுவே மூதாதை. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பல்சக்கரங்களை அதில் நேரடியாகக் கோக்க வேண்டும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் பல்லோடு பல் மோதி அலறும். அதைத் தவிர்க்க ஓட்டுநர் கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வருவார். பிறகு எஞ்சினின் சுழற்சியைக் காதால் கேட்டுச் சரிசெய்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடுவார். இரட்டைக் கிளட்ச் என்று நம் ஓட்டுநர்கள் சொன்னது இதைத்தான்.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. 1908 முதல் 1927 வரை ஹென்றி ஃபோர்டு விற்ற மாடல் டி காரில் நகரும் பல்சக்கரங்கள் இல்லை. சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும். எதை நிறுத்தி எதைச் சுழலவிடுவது என்பதைப் பட்டைகள் இறுகியும் தளர்ந்தும் முடிவு செய்யும். இடது மிதியை முழுக்க அழுத்தினால் கீழ் கியர், விட்டுவிட்டால் மேல் கியர். கியர் மாற்றக் கைக்கு வேலையே இல்லை, பல் மோதும் ஓசையும் இல்லை. பின்னாளில் வந்த தானியங்கிப் பெட்டிகளின் வயிற்றுக்குள் இருப்பது இந்தக் கோள்சக்கர அமைப்புத்தான். விவசாயியின் எளிய வண்டி என்று கருதப்பட்ட மாடல் டிக்குள் ஆடம்பரக் கார்களின் எதிர்காலம் ஒளிந்திருந்தது. வரலாறு இப்படித்தான் பல நேரங்களில் பின்வாசல் வழியாக நுழைகிறது.

1920ஆம் ஆண்டு கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே. அதுவே யு.எம்.எஸ். என்ற நிறுவனமாக வளர்ந்தது. 1931இல் பொள்ளாச்சியில் பி. நாச்சிமுத்து கவுண்டர் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். ஏ.பி.டி. என்ற மூன்றெழுத்து அந்த வட்டாரத்தில் பேருந்துக்கே மறுபெயராக இருந்த காலம் உண்டு. 1937இல் தொடங்கப்பட்ட எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்கள் நிறுவனமும் போக்குவரத்திலிருந்து கிளைத்துத்தான் பின்னர் சங்கிலிகளும் உதிரிபாகங்களும் செய்யும் தொழிலுக்கு வந்தது.

இந்தப் பேருந்துகளின் வரலாற்றை முதலாளிகளின் பெயர்களால் எழுதுவது வழக்கம். அவர்கள் நினைக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் அந்த வண்டிகளை ஓட்டியவர்களையும் நாம் நினைத்துப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் அதிகம் காணாத உழவர் வீட்டுப் பிள்ளைகள், எஞ்சினின் ஓசையைக் கொண்டே அதன் சுழற்சியை மதிப்பிடக் கற்றார்கள். இறக்கத்தில் கியர் விழாமல் நியூட்ரலில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பயணிகள் நிறைந்த வண்டியின் எடை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறச் சூடேறப் பிடிமானம் குறையும். அடுத்த வளைவு காத்திருக்காது. கையால் கியர் மாற்றுவது அவர்களுக்கு ரசனை சார்ந்த தேர்வாக இருக்கவில்லை. உயிரோடு ஊர் திரும்புவதற்கான கல்வி அது. 1970களின் தொடக்கத்தில் பெரிய தனியார் பேருந்து நிறுவனங்கள் நாட்டுடைமையாகி சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானபோது வண்டிகளோடு இந்தக் கல்வியும் கைமாறியது.

*

இனி சற்றே அமெரிக்காவுக்குப் போக வேண்டும். ஹாட் ராட் என்ற சொல் பிறந்த இடம் அது.

1930களில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார்கள். மட்கார்டு, பம்பர், கூரை என்று எடைகூட்டும் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். 1932இல் ஃபோர்டு கொண்டுவந்த வி8 எஞ்சின் அவர்களுக்கு வரமாக அமைந்தது. பணம் உள்ளவன் வேகத்தை விலைக்கு வாங்குவான், இல்லாதவன் கழிவிலிருந்து அதைச் செய்துகொள்வான் என்பதுதான் அந்த இயக்கத்தின் அடிநாதம். ஃபோர்டின் மூன்று கியர்ப் பெட்டிக்குள் லிங்கன் ஸெஃபிர் காரின் பல்சக்கரங்களைப் பொருத்துவது அவர்களிடையே புகழ்பெற்ற வித்தை.

இதற்கிடையே ஏர்ல் தாம்ஸன் என்ற பொறியாளர், பல்சக்கரங்களைக் கோப்பதற்கு முன்பே அவற்றின் வேகத்தை ஒத்திசைக்கும் ஓர் அமைப்பைக் கண்டறிந்தார். 1928 இறுதியில் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. இரட்டைக் கிளட்சின் தேவை குறையத் தொடங்கியது அப்போதுதான். அதே தாம்ஸன்தான் பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் முழுத் தானியங்கிப் பெட்டி ஒன்றை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ரா மாட்டிக் அது. கிளட்ச் மிதியே இல்லாத அந்தப் பெட்டி இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளுக்குள்ளும் உழைத்தது. கையின் வேலையை எளிதாக்கியவரே கையை விடுவிக்கவும் செய்தார் என்பது சுவையான முரண்.

ஹாட் ராட்காரர்கள் தானியங்கியை ஏளனம் செய்திருப்பார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஏளனம் இருந்தது. ஆனால் கால் மைல் நேர்க்கோட்டில் ஓடும் டிராக் பந்தயங்களில் வேறொன்று நடந்தது. 1950களில் சிலர் ஹைட்ரா மாட்டிக்கைத் திறந்து வலுப்படுத்திப் பந்தயக் கார்களில் பூட்டினார்கள். 1956இல் கிரைஸ்லர் டார்க்ஃப்ளைட் பெட்டியை அறிமுகப்படுத்தியது. 1960களில் அது பூட்டிய கார்கள் நேர்ப்பந்தயங்களில் கை கியர்க் கார்களை வரிசையாகத் தோற்கடித்தன.

காரணம் எளிது. நேர்க்கோட்டுப் பந்தயத்தில் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பது முன்பே தெரிந்த ஒன்று. தெரிந்த வேலையை நூறு முறையும் ஒரே மாதிரி செய்வதில் எந்திரத்தை மனிதன் வெல்ல முடியாது. தவிரவும், தானியங்கிப் பெட்டியின் முன்னால் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், எண்ணெயின் சுழற்சி வழியாகப் புறப்படும் கணத்தில் எஞ்சினின் முறுக்குவிசையைப் பெருக்கித் தருகிறது. கிளட்ச் தேய்ந்து புகையும் இடத்தில் எண்ணெய் அமைதியாக வேலை செய்கிறது.

ஆனால் அதே பெட்டியை மலைச்சாலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பழைய தானியங்கிக்குத் தெரிந்தவை இரண்டே செய்திகள். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார். இறக்கத்தில் காலை எடுத்தால் மிதி பூஜ்யம், வேகமோ ஏறிக்கொண்டே இருக்கும். சமவெளியில் சுகமாகப் போகிறார் போலும் என்று முடிவு செய்து அது மேல் கியருக்குத் தாவிவிடும். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் அது கையை உதறிக்கொள்ளும். இதற்காகவே கீழ் கியரில் கட்டிவைக்கும் நிலைகளைத் தானியங்கிகளில் வைத்தார்கள். முன்னால் இருக்கும் வளைவை ஓட்டுநர் காண்கிறார், பெட்டி காண்பதில்லை. கடந்துபோன நொடியை வைத்தே அது முடிவெடுக்கிறது. நம்முடைய கேள்வியின் மையம் இதுதான் என்று தோன்றுகிறது. நேர்ச்சாலை எந்திரத்தின் பக்கம், வளைந்த சாலை கையின் பக்கம்.

*

கொங்கு நாட்டின் ஹாட் ராட் கதைக்கு நாயகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் எஸ். கரிவரதன்தான். கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். பந்தய ஓட்டுநர், அதைவிட முக்கியமாக, பந்தயக் கார்களைக் கட்டியவர்.

அன்றைய இந்தியப் பந்தயங்களின் களம் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தையே பந்தயப் பாதையாக்கியிருந்தார்கள். அதை ஒழுங்குபடுத்தியது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் காலம் அது. ஒரு பக்கம் பட்டறைகளில் அறுத்து ஒட்டிய அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடின. மறுபக்கம் வசதி படைத்தவர்கள் வெளிநாடுகளில் ஓய்வுபெற்ற பந்தயக் கார்களை வரவழைத்தார்கள். விஜய் மல்லையா அங்கே ஓட்டிய என்சைன் ஒரு காலத்தில் ஃபார்முலா ஒன்னில் ஓடிய கார். அந்தக் காரின் முன்னால் அம்பாசிடரின் உரிமையாளர் எத்தனை திறமைசாலியாக இருந்தும் என்ன பயன்? பந்தயம் தொடங்கும் முன்பே பணம் வென்றுவிடுகிறது.

கரிவரதன் இதற்குக் கண்ட விடை 1988இல் வந்த ஃபார்முலா மாருதி. 1983இல் தெருவுக்கு வந்த மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினையும் அதன் நான்கு கியர்ப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். குடும்பக் காரில் முன்னால் இருந்த அந்தத் தொகுதி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய் அமர்ந்தது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே பெட்டி. உதிரிபாகம் வேண்டுமென்றால் அருகிலிருக்கும் கடைக்குப் போகலாம்.

இங்கே தானியங்கி என்ற யோசனைக்கே இடமில்லாமல் போனதற்கு மூன்று காரணங்களை நாம் காண்கிறோம். முதலாவது, வலு. அந்தச் சிறிய எஞ்சின் கொடுத்தது நாற்பது குதிரைத்திறனுக்கும் குறைவு. அக்காலத் தானியங்கிகள் எண்ணெயைக் கலக்குவதிலேயே வலுவின் ஒரு பங்கைத் தின்றுவிடும். பெரிய அமெரிக்க எஞ்சினுக்கு அது பொருட்டே இல்லை. நாற்பதில் ஐந்தாறு போனால் பந்தயமே போய்விடும். இரண்டாவது, கைக்கெட்டும் தன்மை. ஒரு பட்டறைக்காரர் பிரித்து மாட்டக்கூடிய பெட்டியாக அது இருக்க வேண்டும். கோவையில் கை கியர்ப்பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நூற்பாலைகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் உதிரிபாகம் செய்து பழகிய வார்ப்படப் பட்டறைகளும் லேத்துகளும் நிறைந்த ஊர் அது. சாந்தி கியர்ஸ் போன்று பல்சக்கரத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனமும் அங்கே வளர்ந்தது. மூன்றாவது காரணம் நமக்கு மிக முக்கியமானது. எல்லாக் கார்களும் ஒன்றாக இருக்கும்போது வேறுபடுவது ஓட்டுநர் மட்டுமே. வலு குறைந்த எஞ்சினை எப்போதும் அதன் உச்ச சுழற்சிக்கு அருகிலேயே வைத்திருக்க வேண்டும். நான்கே கியர்கள், அவற்றுக்கு நடுவே அகன்ற இடைவெளிகள். வளைவுக்கு முன் தவறான கியரில் இருப்பவன் வளைவு முடியும்வரை தள்ளாடுவான். கியரை அறிந்தவன் முன்னேறுவான். கரிவரதன் தேர்ந்த மலிவான பெட்டி திறமைக்கு ஒரு தேர்வுத்தாளாக அமைந்தது.

கரிவரதன் 1995இல் கோவையில் சிறிய விமானம் ஒன்று விழுந்த விபத்தில் இறந்தார். நாற்பதைச் சற்றே கடந்திருந்த வயது. 2003இல் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயப் பாதைக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் பாதையில் அவருடைய யோசனையின் வாரிசுகளான எல்ஜிபி ஃபார்முலா கார்கள், இன்னும் மாருதி எஞ்சின்களோடு, எத்தனையோ இளைஞர்களுக்கு முதல் பாடம் நடத்தியிருக்கின்றன.

*

அந்தத் தேர்வுத்தாளை எழுதியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். கோவையில் வளர்ந்தவர். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி பந்தயங்களில் பெயர் பெற்றவர். ஸ்ரீபெரும்புதூர் பாதையில் ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன், 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானார்.

அவர் போய்ச் சேர்ந்த உலகத்தில் கியர்க் கம்பி காணாமல் போயிருந்தது. 1989இல் ஃபெராரி ஸ்டீயரிங்கின் பின்னால் இரண்டு துடுப்புகளை வைத்தது. விரலால் சுண்டினால் கியர் மாறும். அந்தப் பெட்டி பிரேசிலில் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செலுக்கு வெற்றி தந்தது. சில ஆண்டுகளில் எல்லோரும் அதற்கு மாறினார்கள். அடுத்த படி இயல்பானதுதான். விரலும் எதற்கு, கணினியே மாற்றட்டுமே? முழுத் தானியங்கி மாற்றத்தை விதிகள் 1994இல் தடுத்தன, 2001இல் அனுமதித்தன, 2004இல் மறுபடி தடுத்தன. தொழில்நுட்பத்தால் முடியும் என்று தெரிந்த பிறகும், முடிவு மனிதனிடமே இருக்கட்டும் என்று விதி எழுதினார்கள். எப்படி மாற்றுவது என்ற வேலையை எந்திரம் எடுத்துக்கொள்ளலாம். எப்போது மாற்றுவது என்பது ஓட்டுநருக்கு. நூறாண்டு வாதத்தில் இதைவிட நியாயமான தீர்ப்பு வந்ததில்லை என்பது நம் எண்ணம். நரேன் ஓடிய 2005ஆம் ஆண்டு இந்தத் தீர்ப்பின் கீழ்தான் வருகிறது. விரலில் அழுத்தம் குறைந்திருந்தாலும், எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதில் அவர் மாருதியில் கற்றதே அங்கும் செல்லுபடியாயிற்று.

*

தெருவிலும் வாதம் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. 2014இல் மாருதி செலிரியோ ஒரு மலிவான தானியங்கியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது பழைய கை கியர்ப்பெட்டியேதான். அதன் கிளட்சையும் கம்பியையும் மட்டும் மோட்டார் இயக்குகிறது. சிக்கனமான நம் ஊருக்குப் பொருத்தமான சமரசம். மின்சாரக் கார்களில் பெரும்பாலும் மாற்றுவதற்கு கியரே இல்லை. கேள்வியே இல்லாத இடத்தில் விடைக்கு என்ன மதிப்பு?

ஆயினும் கொங்கு நாட்டில் இன்றைக்கு ஒருவர் தன் கையால் ஒரு ஹாட் ராட் கட்ட நினைத்தால் நாம் என்ன சொல்வோம்? முதலில், அதைத் தெருவில் ஓட்ட நினைக்காதீர்கள் என்போம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றி வடிவமைத்த வாகனத்தைப் பதிவு செய்ய இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மலைச்சாலைகள் தோட்டத் தொழிலாளிகளின் பேருந்துக்கும் வரையாடுகளுக்கும் உரியவை. அடைத்த பாதையில் ஓட்டுவதென்றால், நேர்க்கோட்டு ஓட்டத்துக்கும் பெரிய எஞ்சினுக்கும் தானியங்கியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. வளைவுகள் நிறைந்த பாதைக்கும் சிறிய எஞ்சினுக்கும் கை கியரே சரி. கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு எந்த நிலையிலும் கை கியர்தான்.

கடைசியாகச் சொன்னதில் நமக்கு ஒரு கவலையும் உண்டு. ஒரு கருவி நம் வேலையை எடுத்துக்கொள்ளும்போது அந்த வேலை மட்டும் போவதில்லை. அதைச் செய்து செய்து உண்டான காதும், அடுத்த வளைவை முன்கூட்டியே அறியும் புத்தியும் சேர்ந்தே போகின்றன. பல் மோதும் ஓசையைக் கொண்டு வேகத்தை அளந்த அந்தப் பழைய ஓட்டுநர்கள் குறிப்பேடு எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் அறிந்தது அவர்களுடைய கைகளிலேயே இருந்தது. கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே அப்படிப்பட்ட முதியவர்கள் இன்னும் சிலர் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள். முதலாளிகளின் வாழ்க்கை வரலாறுகள் வந்துவிட்டன. இவர்களுடைய நினைவுகளை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதினால், கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றில் விடுபட்ட ஓர் அத்தியாயம் நமக்குக் கிடைக்கும். வாசகர்களில் எவருக்கேனும் தாத்தாவோ பெரியப்பாவோ அந்த வண்டிகளை ஓட்டியவராக இருந்தால், அந்த வேலையை இந்த வாரமே தொடங்கிவிடலாம்.